விசிலில் கட்டிய கூடு

"அத்தை, அசையாதீங்க. அப்படியே நில்லுங்க."

"ஏன், பல்லியா?"

"பல்லி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. உங்க தலைக்கு மேல என்னவோ பறக்குது."

ஆவுடை தோசைக் கரண்டியும் கையுமாக நின்றாள். கல்லில் தோசை முறுகிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தையும் மீறி வேறொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. மெலிசாக, நூல் இழுத்தாற்போல ஒரு ரீங்காரம். கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! யாரோ பின்னாலிருந்து அவளுடைய சின்ன வயதுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

"எந்திர ஈயா இருக்கும்டி. மாடிக் கத்திரிக்காய்க்கு விடுறாங்களே, அது வழி தவறி வந்திருக்கும்."

"எந்திர ஈக்கு முதுகுல நம்பர் இருக்கும். இதுக்கு இல்ல. இது... இது காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பறக்குது அத்தை."

ஆவுடை மெல்லத் திரும்பினாள். அடுப்புக்கு மேலே, வெளிச்சத்தில் அது மிதந்துகொண்டிருந்தது. கறுப்பு உடம்பு. மஞ்சள் கால்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஓர் இடுப்பு.

"அடியாத்தி!" என்றாள். கரண்டியை வைக்க மறந்துவிட்டாள். "நீ எங்கே வந்தே?"

மருமகள் வேனில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததே பெருந்துப்புரவுக்கு அப்புறம்தான். கொசு கொண்டுவந்த மூளைக்காய்ச்சல் வீட்டுக்கு ஒருவரையாவது கொண்டுபோன பிறகு, அரசாங்கம் கொசுவை அழிக்க ஒரு மருந்தைக் காற்றில் விட்டது. கொசு போயிற்று. கூடவே ஈயும் போயிற்று, ஈசலும் போயிற்று, விளக்கைச் சுற்றுகிற பேர் தெரியாத பூச்சியெல்லாம் போயிற்று. ஆவுடையின் புருஷனும் அந்தக் காய்ச்சலில்தான் போனார். அதனால் அவளும் அப்போது எதுவும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை. அப்புறம் ஜன்னல் திறக்காத இந்த அடுக்ககங்கள் வந்தன. திருச்சியில், கொள்ளிடக் கரையோரமாக, வரிசையாக, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல. ஒவ்வொரு வீட்டிலும் கூடத்து உச்சியில் ஒரு சுகாதாரக் கண். பச்சை விளக்கோடு பார்த்துக்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டும் இருக்கும்.

அந்தக் கண்தான் இப்போது பேசிற்று.

"வணக்கம். சமையலறையில் பறக்கும் உயிர் ஒன்று உள்ளது. அதன் பெயர் என் பட்டியலில் இல்லை. மாலைக்குள் பெயர் தெரியவராவிட்டால் வீடு புகையூட்டப்படும். குடியிருப்போர் இடைத்தங்கல் கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டுத் தடுப்பூசி பெறுவர். ஒத்துழைப்புக்கு நன்றி."

"உன் நன்றியில கொள்ளிய வைக்க," என்றாள் ஆவுடை.

தடுப்பூசி என்ற சொல்லைக் கேட்டதும் வேனிலின் கை தன்னாலே சுவரைப் பிடித்துக்கொண்டது. ஆவுடை அதைப் பார்த்தாள். பார்க்காதது போல அடுப்பை அணைத்தாள். தோசை கருகியிருந்தது.

போன தடவையும் இப்படித்தான். இறக்கை உடைந்த ஓர் எந்திர ஈ காற்றுக் குழாய் வழியாக உள்ளே வந்து விழுந்தது. கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. புகை, கூடம், ஊசி. அந்த வாரமே வேனிலின் வயிற்றில் இருந்தது கலைந்துபோயிற்று. இரண்டாவது முறையாக. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை.

கர்ப்பிணிகளுக்கு ஊசியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பதிந்திருக்க வேண்டும். முதல் தடவை பதிந்தார்கள். அன்றைக்கே லிஃப்டில் வாழ்த்துப் பாட்டு போட்டுவிட்டார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கண்ணே செய்தி அனுப்பிற்று. வாசலில் வாராவாரம் சத்துணவுப் பெட்டி வந்தது. குழந்தை தங்காமல் போன பிறகும் பெட்டி வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி வேனிலே போய் எழுதிக்கொடுத்தாள். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டவள், மறுநாள்தான் வெளியே வந்தாள். இரண்டாவது தடவை பதியவில்லை. அதனால்தான் ஊசியும் போட்டார்கள்.

"அத்தை," என்றாள் வேனில். "இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? குளவி."

"கொட்டுமா?"

"கொட்டுறது கதண்டு. அது கூட்டமா இருக்கும், சண்டைக்காரக் கூட்டம். இது தனியாள். தன் வேலையைப் பார்த்துட்டுப் போகும். மண்ணைக் கொண்டாந்து கூடு கட்டும், முட்டை வைக்கும், கதவை அடைச்சிட்டுப் போயிரும். பொன்மலையில எங்க ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இது வராத வருஷமே கிடையாது. பிளக் ஓட்டையைப் பாத்தா விடாது. எங்கப்பா விசிலுக்குள்ளயே கட்டிடுச்சு."

"விசிலுக்குள்ளயா?"

"அப்பா கூட்ஸ் வண்டில கார்டு. மஞ்சக்காமாலைன்னு லீவுல படுத்திருந்தாரு. விசிலு சட்டையோட ஆணில தொங்குது. உடம்பு தேறி டூட்டிக்குக் கெளம்புறப்போ வாயில வெச்சு ஊதுறாரு, காத்துகூட வரல. எட்டிப் பாத்தா உள்ள மண்ணு. நான் குச்சியை எடுத்துட்டு வந்தேன், குத்தி எடுக்கலாம்னு. 'ஏ பிள்ளை, கையை எடு!'ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாரு. அம்மா அப்போ நிறைமாசக் கர்ப்பிணி."

"வாழ்த்துகள்!" என்றது கண், மகிழ்ச்சியான குரலில். "இந்த வீட்டில் கர்ப்பம் பற்றிய பேச்சு கேட்டது. யாருக்கு என்று பதிவு செய்யட்டுமா?"

"எங்கம்மாவுக்கு. செத்து ரொம்ப வருஷமாச்சு. பதிஞ்சுக்கோ."

"மன்னிக்கவும். பதிவு செய்ய இயலவில்லை."

வேனிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கிட்டே வந்தபோது ஆவுடைக்குச் சட்டென்று ஒரு வாசனை அடித்தது. முதல் மழை விழுந்த தரையின் வாசனை. இந்த வீட்டில் ஏது மழை, ஏது தரை? குளவியைப் பார்த்ததும் பழசெல்லாம் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்புறம் விசிலு?" என்றாள் வேனில், கண்ணைப் பார்த்தபடி, தணிந்த குரலில்.

"பக்கத்து வீட்டு கார்டு மாமாகிட்ட இரவல் வாங்கிட்டுப் போனாரு. பிள்ளைத்தாச்சி இருக்கிற..." ஆவுடை நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண் பச்சையாகவே இருந்தது. இந்தச் சொல் அதற்குத் தெரியாது போலிருக்கிறது. ஆனாலும் எதற்கு வம்பு? "அப்படி வீட்டுல குளவி கட்டினா நல்ல சேதின்னு அர்த்தம். கலைக்கக் கூடாது. அது பொரிஞ்சு பறந்த பெறவு பாத்தா, எங்க லிங்கம் தொட்டில்ல கெடக்கான். அந்த விசிலு அப்புறம் கடைசி வரைக்கும் ஒழுங்கா ஊதல. புஸ்ஸுனு ஒரு சத்தம். அப்பா அதைத்தான் வெச்சிருந்தாரு."

குளவி அடுப்படியை விட்டுக் கூடத்துக்கு வந்தது. பூஜை அலமாரிக்குள் நுழைந்தது. சற்று நேரம் கழித்து வெளியே வந்து வேனிலின் அறைப் பக்கம் போயிற்று.

"சாமி கும்பிட்டுட்டுப் போகுது பாரு. நம்ம வீட்டு ஆளுகளைவிடத் தேவலை."

வேனில் சிரிக்கவில்லை.

"ஒப்பிட்டுப் பார்த்ததில்," என்றது கண், "இது கதண்டு என்னும் நச்சுப் பூச்சியுடன் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. புகையூட்டலுக்குப் பரிந்துரைக்கிறேன்."

"ஏய், கதண்டு இல்லன்னு இவ்வளவு நேரமா யாருகிட்ட சொல்லிட்டிருக்கேன்?"

"குடியிருப்போர் கூற்று சான்றாகாது. பூச்சிப் பிரிவு அலுவலருடன் இணைக்கவா?"

"இணை, இணை."

சுவரில் ஓர் இளைஞன் முகம் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை, வாயில் டிபன் இருந்தது. அவசரமாக விழுங்கினான்.

"வணக்கம்மா. அஸ்லம், பூச்சிப் பிரிவு. கதண்டுன்னு வந்திருக்கு. யாரையும் கொட்டிடுச்சா?"

"கொட்டலை தம்பி. கொட்டவும் கொட்டாது. இது மண்ணுல வீடு கட்டுற குளவி."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"கூடவே வளந்திருக்கேன்."

அவன் கண் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் மாறிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"நான் படிச்சதெல்லாம் பூச்சிதாம்மா. ஆனா உயிரோட ஒண்ணைப் பாக்கறது இதுதான் முதல் தடவை. அட... அந்த இடுப்பைப் பாருங்களேன்!"

"பாத்தாச்சு. இப்போ பேரை எழுதிக் குடுங்க, உங்க கண்ணு எங்களை விட்டுரும்."

"நான் சொன்னா மட்டும் போதாதும்மா. அந்தப் பட்டியல் எப்படிப் போட்டதுன்னா, ஆளுக்குக் கெடுதல் பண்றது எதுவோ அதை மட்டும்தான் சேர்த்தாங்க. கொசு, ஈ, கரப்பான், கதண்டு, இப்படி. சும்மா வந்துட்டுப் போறதை எல்லாம் சேர்க்க யாருக்கும் நேரமில்ல, அழிஞ்சுதானே போகப்போகுதுன்னு விட்டுட்டாங்க. அதனால எது வந்தாலும் இந்தக் கெட்டதுல எதைப் போல இருக்குன்னுதான் கண்ணு பாக்கும்."

"நல்லதுன்னு ஒண்ணு இருக்கும்னே அதுக்குச் சொல்லித் தரலையா?"

"தரலைம்மா."

"இப்போ என்னதான் செய்யணும்?" இது வேனில். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "சாயங்காலம் ஊசியோட வந்து நிப்பாங்க சார்."

அஸ்லம் அவளைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, அலுவலகப் பேச்சை விட்டுவிட்டுச் சொன்னான்: "கூட்டைக் கண்டுபிடிங்கக்கா. கதண்டு மரத்தை மென்னு காகிதம் மாதிரி கட்டும். இது மண்ணுல கட்டும். மண் கூட்டைக் காட்டினா அதுவே சான்று. கண்ணு ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

தேட ஆரம்பித்தார்கள். அஸ்லமின் முகம் சுவரிலிருந்து ஆவுடையின் கைப்பலகைக்கு வந்து, அவள் கூடவே அலைந்தது. திரைச்சீலை மடிப்பு, படங்களுக்குப் பின்னால், செருப்புக்குள். ஆவுடைக்கு அந்தத் தேடலே ஒரு சுகமாக இருந்தது. மழைக்காலத்தில் குவார்ட்டர்ஸ் குழல்விளக்கில் எண்ணெய் தடவிய காகிதத்தைக் கட்டித் தொங்கவிடுவார் அப்பா. விடிந்து பார்த்தால் காகிதம் முழுக்கப் பூச்சி. அம்மா குழம்புச் சட்டியைத் தட்டுப் போட்டு மூடிக்கொண்டே திட்டுவாள், பூச்சியையா அப்பாவையா என்று தெரியாது. அப்போதெல்லாம் வீடு என்றால் மனுஷர்கள் மட்டும் இருக்கிற இடம் இல்லை.

"என் ரூம்ல ஒண்ணும் இல்ல அத்தை. நான் பாத்துட்டேன்."

"எப்போ பாத்தே? என்கூடத்தானே இருக்கே?"

"இல்ல, காலையிலயே..."

"காலையில குளவி வந்ததே தெரியாதே உனக்கு."

அதற்குள் குளவி மறுபடியும் பூஜை அலமாரிக்குள் போய் வெளியே வந்தது. இந்தத் தடவை வாயில் எதையோ கவ்விக்கொண்டிருந்தது. நேராக வேனிலின் அறைக்குள் போயிற்று. இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் அது இறங்கியதும் அந்தச் சத்தம் மாறிற்று. ரீங்காரம் உச்சத்துக்குப் போய், கம்பியை மீட்டினாற்போல அதிர்ந்தது.

"கேக்குதா தம்பி? மண்ணைப் பூசுறப்போ பாடும். கொத்தனார் மாதிரி." ஆவுடை கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் புடிம்மா. நகத்துவோம்."

"எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு அத்தை. நீங்களே தள்ளுங்க."

அவள் மருமகள் இந்த வீட்டில் அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறவள். ஆவுடை தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

சுவரில் பழைய மின் பிளக் இருந்தது. கம்பியில்லாமல் மின்சாரம் வர ஆரம்பித்த பிறகு யாரும் தொடாதது. அதன் ஓட்டைகளில் ஒன்று அடைபட்டிருந்தது. அடுத்ததில் பாதி வேலை. மண். கருஞ்சிவப்பு மண். ஈரம்கூடக் காயவில்லை.

"மண்!" என்று கத்தினான் அஸ்லம். "கண்ணே, பார்த்துக்கோ. மண் கூடு. காகிதம் இல்ல."

"பார்த்தேன்," என்றது கண். "கதண்டு என்னும் முடிவைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இந்தக் கட்டடத்தில் மண் இல்லை. மாடித் தோட்டம் தேங்காய் நாரில் வளர்கிறது. மண் வந்த வழி தெரியவில்லை. வெளியிலிருந்து கசிவு என்று கொண்டு புகையூட்டலுக்குப் பரிந்துரைக்கவா?"

அஸ்லம் மெதுவாகச் சொன்னான்: "அது கேக்கறது நியாயம்தாம்மா. மண் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லணும். ஈர மண் வேற."

வேனில் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நகக்கண்ணில் மெலிசாக ஒரு சிவப்புக் கோடு இருந்ததை ஆவுடை அப்போதுதான் பார்த்தாள்.

கூடத்துக்குப் போய்ப் பூஜை அலமாரியைத் திறந்தாள். விளக்குக்குப் பின்னால் அந்தச் சின்ன பித்தளை டப்பா. சங்கரன்கோவில் புற்றுமண். அவள் அம்மா ஊரில் அம்மன் சந்நிதியில் கொடுக்கிற பிரசாதம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வதோடு சரி. பூஜைப் பொருள் என்பதால் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. போன தடவை லிங்கம் டப்பா நிறையக் கொடுத்துவிட்டிருந்தான்.

மூடி சரியாக மூடவில்லை. உள்ளே அடிமண்தான் மிச்சம். அதில் தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தது. விரல் அளவுக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஓரத்தில் உருட்டி வைத்த ஓர் உருண்டை, அதில் பாதி கடித்தது. பல் பதிந்த இடம் பளபளவென்று இருந்தது.

அந்த முதல் மழை வாசனை டப்பாவிலிருந்து எழுந்து வந்தது.

ஆவுடையின் அம்மாவுக்கு அடுப்புச் சாம்பல். லிங்கம் வயிற்றில் இருந்தபோது யாருக்கும் தெரியாமல் கொல்லைப் பக்கம் போய்த் தின்பாள். ஆவுடைக்கே மகன் முகிலன் வயிற்றில் இருந்தபோது பல்பம். மசக்கை ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும்.

வேனில் வாசற்படியில் நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. வாயைத் திறந்தாள். ஆவுடை விரலை உதட்டில் வைக்கவில்லை, மேலே பச்சை விளக்கு பார்த்துக்கொண்டிருக்கிறதே. முந்தானையை எடுத்து மருமகளின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள், தோசைச் சட்னியைத் துடைப்பது போல.

"தம்பி, மண்ணு எங்க வீட்டுதுதான். பூஜை மண்ணு. இந்தா, டப்பா."

"ஈரமா இருக்கேம்மா?"

"நான்தான் தண்ணி விட்டுக் குழைச்சேன்."

"எதுக்கு?"

"வேண்டுதல்."

"பூஜைப் பொருள் ஏற்கப்படுகிறது," என்றது கண். "வேண்டுதலின் காரணம் பதிவுக்குத் தேவையில்லை."

"உனக்கும் ஒரு நாள் புத்தி வரும்," என்றாள் ஆவுடை.

அஸ்லம் எழுத ஆரம்பித்தான். எழுதிக்கொண்டே கேட்டான். பேர்? குளவி. எப்படி இருக்கும்? தனியாக இருக்கும். எங்கே வரும்? வீட்டுக்கு வரும். தீங்கு?

"இல்லை," என்று அவனே சொல்லிக்கொண்டான். "இந்தக் கட்டத்தை நான் இன்னிக்குத்தான்மா முதல்ல தொடறேன். கொள்ளிடத்துக் கோரைப் பக்கம் என்னென்னவோ திரும்பி வருதுன்னு பேச்சு. நம்பாம இருந்தேன். அது கூட்டுக்குள்ள சிலந்தியைப் புடிச்சு அடைக்கும்னு படிச்சிருக்கேன். அப்போ சிலந்தியும் உங்க கட்டடத்துல..." நிறுத்தினான். "சரி, அதை யாரும் என்கிட்ட கேக்கல."

"நல்லா இருப்பீங்க தம்பி."

"ஒண்ணு ஞாபகம் வருதும்மா. வீட்டுல குளவி கூடு கட்டினா எங்க நன்னிம்மா, எங்க பாட்டி, ஏதோ சொல்வாங்க. அந்த வீட்டுல..."

"என்னென்னமோ சொல்லுவாங்க," என்றாள் ஆவுடை அவசரமாக. "அதெல்லாம் இதுல எழுதிடாதீங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவள் பின்னால் நின்ற வேனிலைப் பார்த்தான். "எழுதலைம்மா," என்றான். கும்பிட்டுவிட்டு மறைந்தான்.

"நன்றி," என்றது கண். "குளவி பட்டியலில் சேர்க்கப்பட்டது. புகையூட்டல் ரத்து. தடுப்பூசி ரத்து."

வேனில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆவுடை அவளுக்குப் புதுத் தோசை வார்த்துக் கொண்டுவந்து வைத்தாள். முழுத் தோசையையும் அவள் தின்று முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டிலுக்குப் பின்னால் அது பாடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் சங்கரன்கோவிலுக்குப் பேசினாள். லிங்கம் ரிட்டயர் ஆனதும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

"ஏலே லிங்கம், கோயில் புத்துமண்ணு வேணும்லே."

"என்னக்கா, போன தடவ டப்பா நெறைய குடுத்தேனே?"

"தீந்துபோச்சு."

"தீந்துபோச்சா? பூசித்தான் தீந்துச்சா, இல்ல வீடு கட்டுதியா?"

"கட்டுறது நான் இல்லலே. குளவி."

"எது?"

"குளவிலே. வேனில் ரூம்ல, பிளக் ஓட்டையில கட்டியிருக்கு. அதுக்குத்தான் மண்ணு."

அந்தப் பக்கம் தம்பி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்பா விசில்ல கட்டிச்சே," என்றான். "அந்த மாதிரியாக்கா?"

"அந்த மாதிரிதான்."

"கலைச்சிராதீங்க. யாரையும் தொட விடாத. நாளைக்கே நான் கோயிலுக்குப் போயி... நல்லா சலிச்சு, வறுத்து அனுப்புதேன்க்கா. கல்லுகில்லு கெடந்தா பல்லுல படும்."

"திருத்தம்," என்றது கண், மேலிருந்து. "இன்று சேர்க்கப்பட்ட குறிப்பின்படி குளவிகளுக்குப் பற்கள் இல்லை."

"தெரியும்," என்றாள் ஆவுடை. "நீ சும்மா இரு."